ஒரு கொத்துத் தவிடு

பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காக "நான் இதன் தாய் இல்லை" என்று சொல்லத் தொடங்கிய ஒருத்தி, அந்தச் சொல்லை எந்த நாளில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்? ஆபத்து போய்விட்டது என்று அவளுக்கு யார் வந்து சொல்வார்கள்? திருகோணமலைப் பாலையூற்று அருள்மலரின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்ததுபோல் தெரிகிறது. அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டவள் அல்ல. பொதுவாகவே கேள்வி கேட்கிற ஆள் அல்ல. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் சுருக்கமாக.

இங்கிலிசுக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன வருசம் அவளுக்கும் யோசேப்புக்கும் கலியாணம் நடந்தது. யோசேப் துறைமுகத்தில் வேலை. தேயிலைப் பெட்டிகளைப் பாரப்படகில் ஏற்றி, நடுத்துறையில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோகிற கூட்டத்தில் ஒருவன். அருள்மலரின் தாய் ஒரு கப்பற்படை அதிகாரியின் வீட்டில் உடுப்புத் தோய்த்தவள். ஊருக்குப் புறப்பட்ட அந்த வீட்டுத் துரைசாணி ஒரு தகரப்பெட்டி நிறையக் குழந்தை உடுப்புகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளைச் சட்டைகள், பின்னல் வேலை செய்த தொப்பிகள், திருகோணமலை வெய்யிலுக்குத் தேவையே இல்லாத கம்பளிக் காலுறைகள். பூச்சி அரிக்காமல் இருக்க இடையிடையே வெள்ளைப் பூச்சி உருண்டைகள். தாய் செத்தபிறகு பெட்டி அருள்மலருக்கு வந்தது. மூடியைத் திறந்தால் வீடு முழுக்க அந்த மணம் நிற்கும்.

முதற் பிள்ளை ஆண். அந்தப் பெட்டிச் சட்டையைத்தான் போட்டார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. துணியில் பட்ட மூத்திரம் தேயிலைச் சாயம்போல் இருந்தது. ஒன்பதாம் நாள் செத்துப்போனது. இரண்டு வருசம் கழித்து இரண்டாவது. அதுவும் ஆண், அதே சட்டை, அதே மஞ்சள், அதே சாயம். அது பன்னிரண்டு நாள் இருந்தது.

இரண்டாவதை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அருள்மலர் துணிகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்து, பெட்டியில் வைத்து மூடினாள். அடுத்த நாள் சமைத்தாள். கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டிருந்தாள். அவள் அதைச் சாப்பிட்டாள், உப்புத் தெரியவில்லை. யோசேப்பும் சாப்பிட்டான், ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே பல மாதம் போனது. சனங்கள் அவளைத் திடமான பெண் என்றார்கள். திடம் என்று அதைச் சொல்லலாமா என்பது வேறு கதை. மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் நோகாது, அதற்காக அந்தக் காலை உறுதியான கால் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த வளவில் திரேசம்மா இருந்தாள். அருள்மலரைவிடப் பத்து வயது மூத்தவள். ஆறு பிள்ளைகள், நாலு பெடியன், இரண்டு பெட்டை. மழைக்கு மறுநாள் நண்டுகள் திரிகிறமாதிரி வளவெல்லாம் ஓடித் திரிவார்கள். ஒருவனுக்கும் ஒரு தும்மல் கிடையாது. மூன்றாவது வயிற்றில் இருக்கிறபோது திரேசம்மாதான் சொன்னாள்.

"மலர், இதை நீ வைச்சிருக்காதை. எனக்கு வித்துப்போடு."

யோசேப் சிரித்தான். "அக்கா, ஆறு காணாதோ உங்களுக்கு?"

"ஆறுக்குச் சமைக்கிற பானையிலை ஏழாவதுக்கும் வேகும். நீ சும்மா இரு."

பழைய வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைப் பிறந்த உடனே, பிள்ளை தங்குகிற வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள், அரிசி அளக்கிற கொத்தால் ஒரு கொத்து. பிறகு அவளுடைய பிள்ளையாகவே, பெற்றவள் வளர்ப்பாள். பிள்ளையைத் தேடி வருகிறது எதுவோ, அது இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று நினைத்துப் போய்விடும். கணக்குச் சரியாக இருக்கவேண்டுமென்றால் பெற்றவள் ஒருநாளும் தன்னைத் தாய் என்று சொல்லக்கூடாது. பிள்ளையும் அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது.

அறுபத்துநாலாம் ஆண்டு பெடியன் பிறந்து மருத்துவிச்சி கழுவித் துடைத்ததும், திரேசம்மா குசினி வாசலால் ஒரு சுளகில் தவிட்டோடு வந்தாள்.

"பிள்ளை விலைக்கு இருக்குதாமே. என்ன விலை?"

அருள்மலர் பாயில் கிடந்தபடி சொன்னாள். "ஒரு கொத்துத் தவிடு."

"கொத்துக்குக் கொஞ்சம் கூடவே இருக்குது. மிச்சத்தைக் கோழிக்குப் போடு."

விற்ற பிள்ளை வாங்கினவளின் துணியைத்தான் உடுத்தவேண்டும் என்பதால், திரேசம்மாவின் பெடியன்கள் போட்டுக் கிழித்த சட்டைகள் வந்தன. தகரப்பெட்டி கட்டிலுக்குக் கீழே மூடியபடி கிடந்தது. பிள்ளைக்குக் கண் மஞ்சளாகவில்லை. பத்தாம் நாள் போனது. முப்பதாம் நாள் போனது.

ஞானஸ்நானத்தில் அல்போன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டது தவிடன் என்று. சுவாமியார் கோயில் புத்தகத்தைக் காட்டி, "இதிலை தாயெண்டு உன்ரை பேரைத்தான் எழுதியிருக்கிறன், தெரியும்தானே?" என்றார்.

"அது கடவுள் பார்க்கிற புத்தகம், சுவாமி. மற்றது அதைப் பார்க்காது," என்றாள் அருள்மலர்.

மற்றது எது என்று சுவாமியார் கேட்கவில்லை.

தவிடன் பேசத் தொடங்கினபோது திரேசம்மாவை அம்மா என்றான், அருள்மலரை மாமி என்றான், யோசேப்பை மாமா என்றான். யோசேப்புக்கு அது பிடிக்கவில்லை. "நான் மாமன், நீ மாமி. அப்ப இந்த வீட்டிலை கலியாணம் கட்டினது ஆர்?" என்று கேட்பான். அருள்மலர் தண்ணி அள்ளப் போவாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், படுக்கவைப்பாள். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் கை வைத்துப் பார்ப்பாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. போதுமா இல்லையா என்று அவள் தன்னைக் கேட்டதும் இல்லை.

இரண்டு வயதில் அவனுக்கு இளைப்பு வந்தது. நெஞ்சு குழிவிழுந்து மூச்சு இழுக்கும். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடியப் போய் வரிசையில் நின்றால் மத்தியானம் முகம் பார்க்காமல் ஒரு மருந்து. ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர். பிறகு யாரோ சொல்லிக் கிண்ணியாவில் மருந்து கொடுத்துவந்த அப்போதிக்கரி கலீலுர் றஹ்மானிடம் போனார்கள். பஸ்ஸில் போய், இறங்கி, பாதை என்கிற, கயிறு பிடித்து இழுக்கிற மிதவையில் நின்றபடி ஆற்றுவாயைக் கடந்து போகவேண்டும். அவர் அமைதியான மனிதர். யோசேப் எல்லாக் கதையையும் அவருக்குச் சொன்னான், செத்த இரண்டையும் சொன்னான், தவிட்டையும் சொன்னான். அவர்கள் கொண்டுபோன போத்தலில் அவர் மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு அருள்மலரைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது என்ட கைக்கு அடங்கிற நோயில்ல. டவுணில பிள்ளைகளுக்கெண்டே படிச்ச டொக்டர் ஒருத்தர் வந்திருக்கார். அவருக்கிட்ட போங்க. எனக்குச் சொன்ன எல்லாத்தையும் அவருக்கும் சொல்லுங்க."

அந்த டொக்டர் இராஜநாயகம். யாழ்ப்பாணத்து ஆள், சீமையில் படித்தவர். காலையில் ஆஸ்பத்திரி, நாலு மணிக்குப் பிறகு உட்துறைமுக வீதியில் தன் வீட்டு முன்னறையில் பிள்ளைகளைப் பார்ப்பார். அவரைப்பற்றிப் பாலையூற்றில் இரண்டு கட்சி இருந்தது. ஏசுகிற டொக்டர் என்றது ஒரு கட்சி. பிள்ளைக்குச் சீனித் தண்ணி கொடுத்தாயா, நெஞ்சில் எண்ணெய் பூசினாயா, கறுப்புப் பொட்டு வைக்கிற கையால் நகத்தை வெட்டினால் என்ன என்று தாய்மாரை நிற்கவைத்து ஏசுவாராம். ஏசினாலும் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சில் வைக்கிற குழாயை எடுப்பார், பிள்ளை அழாது என்றது மற்றக் கட்சி. இரண்டும் உண்மை. அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. பிள்ளையைத் தகப்பனோ மாமனோ கொண்டுவந்தால் பார்க்கமாட்டார். தாய் வரவேண்டும். மருந்து கட்டுகிற பாக்கியரத்தினம் வாசலில் நின்று அதைத்தான் சொல்வார். "தாய் வராட்டில் துண்டு இல்லை."

"அப்ப நீதானே போகவேணும்," என்றான் யோசேப்.

"திரேசக்கா வருவா," என்றாள் அருள்மலர்.

"பெத்தவளைக் கேட்பார், மலர்."

"வாங்கினவ வருவா."

அவன் பஸ் காசை எடுத்து வைத்தான்.

முன்னறையில் வாங்கு போட்டிருந்தது. தேயிலைப்பெட்டிப் பலகையைச் சதுரமாக வெட்டி, அதில் நம்பர் எழுதி, வருகிற ஒழுங்கில் பாக்கியரத்தினம் கையில் கொடுப்பார், அதுதான் துண்டு. அவர்களுக்குப் பதினொன்று. உள்ளே டொக்டரின் மேசைக்கு முன்னால் ஒரே ஒரு கதிரை. திரேசம்மா பிள்ளையோடு அதில் இருந்தாள். அருள்மலர் பின்னால் நின்றாள்.

"தாய் ஆர்?"

"நான்தான், டொக்டர்."

"இவ?"

"பக்கத்து வளவு. பிள்ளைக்கு மாமி முறை."

டொக்டர் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டார். பிள்ளை அழவில்லை. "கடைசியா எத்தினை மணிக்குச் சாப்பிட்டவன்?"

திரேசம்மா திரும்பிப் பார்த்தாள்.

"பத்து மணி," என்றாள் அருள்மலர்.

"இரவிலை இளைப்புக் கூடவோ?"

"விடியப்புறம்தான் கூட," என்றாள் அருள்மலர்.

"நான் தாயைக் கேட்டனான்."

"தாய்க்குக் காது கொஞ்சம் மந்தம், டொக்டர்," என்றாள் திரேசம்மா.

டொக்டர் சிரிக்கவில்லை. ஒரு மட்டையை எடுத்து எழுதத் தொடங்கினார். பிள்ளைக்கு மூத்தது எத்தனை, எல்லாரும் சுகமா, குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த பிள்ளை உண்டா, மஞ்சள் காமாலை உண்டா.

"மூத்தது ஆறு. நாலு பெடியன், ரெண்டு பெட்டை. ஒண்டும் சாகேல்லை. எல்லாம் கருங்காலிக் கட்டை மாதிரி."

திரேசம்மா பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை விற்றது விற்றதுதான். தவிடன் அவளுடைய ஏழாவது. டொக்டரும் கேட்டதைத்தான் எழுதினார். நின்றுகொண்டிருந்த பெண்ணை ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று பிறகு அவரே யோசித்திருக்கலாம். எல்லாப் பதிலும் அங்கிருந்துதான் வந்தது. கிண்ணியா அப்போதிக்கரி எல்லாவற்றையும் சொல்லச் சொன்னது அருள்மலருக்கு ஞாபகத்தில் இருந்தது. அவள் கதிரையின் முதுகுப் பலகையைப் பிடித்தபடி நின்றாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறபோது திரேசம்மா சொன்னாள். "எனக்குக் காது மந்தமெண்டு அதையும் எழுதிப்போட்டாரோ தெரியேல்லை. இனி உரத்துக் கதைப்பார்."

உரத்துத்தான் கதைத்தார். இரண்டு வருசத்தில் பத்துப் பன்னிரண்டு தரம் போனார்கள். ஒவ்வொரு தரமும் திரேசம்மா கதிரையில், அருள்மலர் பின்னால். இளைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. டொக்டர் கெட்டிக்காரர் என்று யோசேப் சொல்லத் தொடங்கினான். அருள்மலர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன நேரத்துக்குச் சொன்ன மருந்தைக் கொடுப்பாள். போத்தலின் பக்கத்தில் பாக்கியரத்தினம் ஒட்டிவிடுகிற கடதாசியில் வேளைக்கு ஒன்றாக வெட்டியிருக்கும் பல்லுக்குப் பல், ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல்.

அறுபத்தெட்டில் குலைப்பன் காய்ச்சல் திரும்பி வந்தது. இனி வராது என்று எல்லாரும் நம்பியிருந்த காய்ச்சல். தவிடனுக்கு நாலு வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கினான். ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார்கள். மலேரியாதான். டொக்டர் இராஜநாயகம் மட்டையை எடுத்து வாசித்தார்.

"அண்ணன்மார் நாலு பேரும் சுகம். இவையள் ஆருக்காவது முந்தி மாத்திரை குடிச்சு ஏதேன் வந்ததோ?"

"ஒண்டும் வரேல்லை, டொக்டர்," என்றாள் திரேசம்மா, அவருக்குக் கேட்கும்படி உரத்து.

"சரி. கசப்பு மாத்திரை மூண்டு நாள். இந்தச் செங்கல் நிற மாத்திரை அஞ்சு நாள். சத்தி எடுத்தாலும் இடையிலை நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினால் என்னட்டை வரவேண்டாம்."

அடுத்த நாள் திரேசம்மா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய தமையன் வீட்டில் அறுவடை. வர ஒரு கிழமையாகும்.

மாத்திரை தொடங்கி நாலாம் நாள் மத்தியானம், தவிடன் சட்டிக்குள் மூத்திரம் பெய்தான். அருள்மலர் சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பால் விடாத தேத்தண்ணி. பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது, வெள்ளை விழி மஞ்சள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் நெடுநாளைக்குப் பிறகு வாசலில் வந்து நிற்கிறமாதிரி இருந்தது. வருவார் என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது.

மாத்திரை இன்னும் இரண்டு இருந்தது. நிப்பாட்டினால் வரவேண்டாம் என்றவரிடம்தான் போகவேண்டும். அவரிடம் போகத் தாய் வேண்டும். தாய் தம்பலகாமத்தில். யோசேப் நடுத்துறையில் கப்பலோடு, இருட்டாமல் வரமாட்டான். அவள் வெறும் மருந்துப் போத்தலைக் கழுவி, சட்டியில் இருந்ததை அதில் ஊற்றித் தக்கையால் மூடினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

வாங்கு நிறைந்திருந்தது. பாலையூற்றுப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். பாக்கியரத்தினம் அவள் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, தேத்தண்ணியோ? இஞ்சை தேத்தண்ணிக்கடை இல்லை."

"இவன்ரை மூத்திரம்."

அவருடைய முகம் மாறியது. ஆனால் சட்டம் மாறவில்லை. "தாய் எங்கை?"

"தம்பலகாமம்."

"அப்ப தாய் வரட்டும். நாளைக்கு ஆளனுப்பிக் கூப்பிடுங்கோ."

"நாளைக்கு ஏலாது."

"என்னாலை ஏச்சு வாங்க ஏலாது, பிள்ளை. தாய் வராட்டில் துண்டு இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ரெண்டு வருசமா வாறீங்கள்."

அருள்மலர் தோளில் கிடந்த பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். நாலு வருசமாக அந்த இரண்டு சொல்லையும் அவள் கனவில்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பிள்ளை போய்விடும் என்று நம்பியிருந்தாள். சொல்லாவிட்டாலும் போய்விடும் என்பது போத்தலில் தெரிந்தது.

"நான்தான் தாய்."

"என்ன?"

"நான் பெத்தது."

வாங்கில் இருந்த பாலையூற்றுக்காரி ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டாள். மற்ற இருவரும் பிள்ளையைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் மணிக்கூடு ஓடியது. அருள்மலர் தவிடனின் மூக்கடியில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அவளுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை, பயமும் வரவில்லை. பாக்கியரத்தினம் நம்பர் கொடுக்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

டொக்டர் போத்தலை யன்னலுக்கு நேரே பிடித்தார்.

"எப்ப தொடக்கம்?"

"மத்தியானம்."

"இந்த நிறத்தை முந்தி எங்கையாவது கண்டிருக்கிறீங்களோ?"

"ரெண்டு தரம். என்ரை மூத்ததிலையும் ரெண்டாவதிலையும். துணியிலை."

"உங்கடை பிள்ளையளை நான் கேட்கேல்லை. இந்தப் பிள்ளையின்ரை—"

"இதுவும் என்ரைதான்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் மட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு வருசத்தில் முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"மற்ற ரெண்டும் எங்கை?"

"செத்துப்போச்சுது. ஒண்டு ஒம்பதாம் நாள், மற்றது பன்னிரண்டாம் நாள். ரெண்டும் பெடியன். ரெண்டும் மஞ்சள்."

"ரெண்டு வருசமா ஏன் என்னட்டைப் பொய் சொன்னனீங்கள்?"

"பொய் இல்லை, டொக்டர். வித்தது."

"ஆரிட்டை?"

"திரேசக்காட்டை."

"என்னத்துக்கு?" கோபத்தில்தான் கேட்டார்.

"ஒரு கொத்துத் தவிட்டுக்கு."

அவருக்கும் ஊர் ஒன்று இருந்தது. தவிட்டுப் பெயரோடு வளர்ந்த ஒருவனாவது அந்த ஊரில் இருந்திருப்பான். அவர் விளக்கம் கேட்கவில்லை. எழுந்து, மேசைக்குப் பின்னால் இருந்த தன் கதிரையை இழுத்து வந்து, கதிரை ஒன்று அங்கே ஏற்கனவே இருப்பதைக் கவனிக்காமல், அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். "இருங்கோ," என்றார். "மாத்திரையை நிப்பாட்டுங்கோ. இனி ஒண்டும் குடுக்கக் கூடாது." பிறகு தானே காரில் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

யோசேப்பின் இரத்தம் பொருந்தியது. அதை ஏற்றினார்கள். அருள்மலர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். நேர்ஸ் மட்டையில் எழுத வந்து, "தாயோ?" என்று கேட்டபோது, "ஓம்" என்றாள். டொக்டர் வரும்போதும் போகும்போதும் போத்தலில் மூத்திரம் என்ன நிறம் என்று பார்ப்பார். ஐந்தாம் நாள் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள் தவிடன் எழும்பி இருந்து பிஸ்கட் கேட்டான். அதே ஒன்பதாம் நாள். அவள் நாளை எண்ணியிருந்தாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போக முதல் நாள் டொக்டர் வார்ட்டின் வெளி விறாந்தையில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். சில குடும்பங்களில் ஆண்பிள்ளைகளின் இரத்தத்துக்குச் சில பொருள் ஆகாது. அது தாய்வழியாக வருகிறது. அந்தச் செங்கல் நிற மாத்திரை அப்படி ஒன்று. முந்தியே தெரிந்திருந்தால் அதைக் கொடுத்திருக்கமாட்டார்.

"மூத்த ரெண்டுக்கும் நாங்கள் மாத்திரை குடுக்கேல்லை," என்றாள் அருள்மலர்.

"வேறை என்ன? ஏதேன் எண்ணெய், மருந்து, பச்சிலை?"

அவள் யோசித்தாள். பெட்டிச் சட்டைகளைச் சொன்னாள், பூச்சி உருண்டையைச் சொன்னாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவனுக்கும் அதைத்தான் போட்டனீங்களோ?"

"இல்லை. வித்த பிள்ளை. திரேசக்காடை பெடியன்ரை பழசைத்தான் போட்டனாங்கள்."

"அந்த உருண்டையாயிருக்கலாம்," என்றார் அவர். "நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது. ஆனா அதாயிருக்கலாம்."

தவிடு அவனை ஒருதரம் காப்பாற்றியிருக்கிறது, ஆனால் நினைத்த வழியால் அல்ல. அதே தவிடு அவனை ஒருதரம் கொல்லப் பார்த்தது, அதுவும் யாரும் நினைத்த வழியால் அல்ல. இதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று படித்தவர்களே தடுமாறுவார்கள். அருள்மலர் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "நாளைக்குக் குளிக்கவாக்கலாமோ?" என்று கேட்டாள். வாக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று தகரப்பெட்டியை வெளியே இழுத்துக் கிடங்கு வெட்டித் தாட்டாள். யோசேப் மண்வெட்டியை வாங்க வந்தான். அவள் கொடுக்கவில்லை.

திரேசம்மா தம்பலகாமத்தால் வந்ததும் கதையெல்லாம் கேட்டாள். தலையில் கை வைத்தாள். "கருங்காலிக் கட்டையெண்டு சொன்னனானே, என்ரை வாய்," என்றாள். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "சொல்லிப்போட்டாய். சொன்னபிறகும் பிள்ளை இருக்குது. இனி என்ன பயம்? தவிட்டைத் திருப்பித் தா, உன்ரை பிள்ளையை எடு. டொக்டரிட்டைப் போய் இனி நீ கதிரையிலை இரு. எனக்கு அந்த மனிசன் கத்திக் கத்தி உண்மையாக் காது அடைச்சுப் போச்சு."

யோசேப்பிடம் அவ்வளவு சந்தோசத்தை ஊர் அதற்கு முதல் கண்டதில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மில்லில் இருந்து ஒரு கொத்துத் தவிடு கட்டிக்கொண்டு வந்தான். பிள்ளைக்குப் புதுச் சட்டை. "இண்டைக்கு மாமியை என்னெண்டு கூப்பிடவேணும்?" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தான். தவிடன் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

திரேசம்மா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள், வாங்கின அதே வாசலில். "பிள்ளை விலைக்கு இருக்குது," என்றாள். "என்ன தருவாய்?"

யோசேப் சுளகில் தவிட்டைக் கொட்டி, திரேசம்மாவிடம் நீட்டச் சொல்லி அருள்மலரின் கையில் கொடுத்தான். அவள் அதை வாங்கினாள். தவிடனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

அவன் சொல்லமுதல் அவள் திரும்பி, சுளகோடு வளவின் பின்பக்கம் நடந்தாள். கோழிகள் ஓடிவந்தன. கை கையாக அள்ளிப் போட்டாள். முழுவதும் போட்டு முடிந்ததும் சுளகைத் தட்டி, குசினிச் சுவரில் கொழுவினாள். பிறகு உலையை வைத்தாள்.

அதற்குப் பிறகு டொக்டரிடம் அவள்தான் போனாள், கதிரையில் அவள்தான் இருந்தாள், மட்டையில் தாய் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பதினேழு வயதில் வேலைக்கென்று கொழும்புக்கு ரயில் ஏறுகிறவரைக்கும் அல்போன்ஸ் அவளை மாமி என்றுதான் கூப்பிட்டான். ஏன் அப்படிச் செய்தாய் என்று யோசேப் பலதரம் கேட்டிருக்கிறான், திரேசம்மா கேட்டிருக்கிறாள். ஸ்ரேசனில் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது அல்போன்ஸும் ஒருதரம் கேட்டான். பெட்டிக் கைப்பிடி சரியாக இறுகியிருக்கிறதா என்று அவள் பார்த்தாள்.